சுண்டுவிரலுக்குப் பக்கத்தில்

“வலது கைய நீட்டுங்க மாப்ள” என்று ஐயர் சொன்னதும் சோலைமலை இடது கையை நீட்டினான். சுற்றி நின்ற பொம்பளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாப்பிள்ளைக்கு இப்பவே கையும் ஓடல காலும் ஓடல என்று எவளோ ஒருத்தி சொன்னது நாயனத்தையும் தாண்டிக் கேட்டது. சிரித்துவிட்டுப் போகட்டும், சிரிக்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே, வலது கையை, சுண்டுவிரல் பக்கம் தரையைப் பார்க்கிற மாதிரி திருப்பி, மெல்ல நீட்டினான். ஐயர் மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றினார். அவ்வளவு கிட்டத்தில் வந்தும் மனுஷன் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவருக்கு இன்னொரு மண்டபத்திலும் முகூர்த்தம் இருக்கிறதாம், கண் வாசலிலேயே இருந்தது. காலையில் முருகேஸ்வரி அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, கல்யாணப் பெண்ணுக்கு வந்த பவுண்டேஷன் கிரீமில் கொஞ்சம் கிள்ளி வந்து, அந்த இடத்தில் தடவி, மேலே பவுடரை ஒத்தி, “எங்கன இருக்குன்னு இப்ப நீயே தேடுறா பாப்போம்” என்றாள். தேட வேண்டுமா என்ன, கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேணும். சுண்டுவிரலின் அடிக்கணுவில் ஆரம்பித்து உள்ளங்கையின் ஓரமாக இறங்குகிற கோடு அது. பழுத்த மிளகாய் நிறம். கோடு மட்டும் என்றால்கூடப் போனால் போகிறது என்று விடலாம், இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாகக் கால் முளைத்துப் பூரான் மாதிரி கிடக்கிறது. அது கிடக்கிற இடத்தில் வைகாசி மாசம் வரைக்கும் ஒரு விரல் இருந்தது. சும்மா தொங்குகிற சதை இல்லை, நகம் இருந்தது, நகத்தை வெட்டினால் வளர்ந்தது. தானாக மடங்காது, ஆனால் சுண்டுவிரலை மடக்கினால் அதுவும் கூடவே லேசாகத் தலையாட்டும், பெரிய மனுஷர்கள் பேசுகிற இடத்தில் ஒன்றும் புரியாமல் ஆமாம் போடுகிற ஆளைப் போல. இப்போதும் சுண்டுவிரலை மடக்கும்போது அது தலையாட்டுகிற மாதிரிதான் இருக்கிறது. குனிந்து பார்த்தால் பவுடர் பூசிய வெறும் ஓரம்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த மாதிரி ஒரு விரல் இருக்கவே கூடாது. கண்ணாடியை ஆளின் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியைச் சரி பண்ணும்போது அது போய்க் கன்னத்தைத் தொட்டுவிடும். தொட்டதும் அவர்கள் கண் அந்தப் பக்கம் திரும்பும், உடனே எதையும் பார்க்காத மாதிரி பலகையில் எழுத்தை வாசிக்க ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது. பழகாதது பெண் வீட்டுக்காரர்கள்தான். திருமங்கலத்தில் ஒரு சம்பந்தம் பேசி, பூ வைக்கிறதுவரைக்கும் வந்து, “வெரலு ஒண்ணு கூட இருக்காமே, நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வரும்ல” என்று நின்றுபோனது. அடுத்தது சாத்தூர். அவர்கள் காரணம் சொல்லவில்லை, பையனுக்கு வேற எடம் பாருங்க என்று மட்டும் சொன்னார்கள். காரணம் சொல்லாமல் போனால் தெரியாதா? மூணாவதாக வந்ததுதான் இந்த அருப்புக்கோட்டைச் சம்பந்தம். பெண் பார்க்கப் போன அன்றைக்குக் கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வேர்வை துடைக்கிற சாக்கில், ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தான். நாகஜோதி வந்தாள், நின்றாள், போனாள். ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. நல்லவேளை, நிமிராதவள் எதைப் பார்த்திருக்கப் போகிறாள் என்று அவனுக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்ததும் வந்த உயிர் போய்விட்டது. இன்றைக்குப் பார்க்கவில்லை சரி, நாளைக்கு? இதே கையால் தாலி கட்ட வேண்டும், இதே கையால் அவள் தட்டில் ஒரு வாய் சோறு எடுத்து ஊட்டச் சொல்வார்கள். முழுப் பூசணிக்காயையாவது சோற்றில் மறைத்துவிடலாம், சோற்றைப் பிசைகிற விரலை எங்கே கொண்டுபோய் மறைப்பது? ராத்திரி போனில் பேசும்போது சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் ஆரம்பிப்பான். அவள் சித்தி மகள் பரீட்சை எழுதினதிலிருந்து அவர்கள் தெருவில் தண்ணீர் வராதது வரைக்கும் எல்லாம் பேசுவாள். பேசி முடித்துவிட்டு, “வேற?” என்பாள். சொல்லுடா சொல்லுடா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். “வேற ஒண்ணுமில்ல” என்பான். சரி, தூங்குங்க என்று வைத்துவிடுவாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள், இவன் பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை, வேற ஒண்ணுமில்ல என்று மட்டும்தான் சொன்னான். அது எந்தக் கணக்கில் சேரும்?

பொண்ண அழைச்சிட்டு வாங்க என்று ஐயர் குரல் கொடுத்தார். சேலை சரசரக்க நாகஜோதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மல்லிகைப்பூவும் மருதாணியும் கலந்த வாசனை. அவளுடைய கையைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் மருதாணி, ஒரு இடம் விடாமல் கொடியும் பூவுமாக, அத்தனை பேரும் பார்க்கவேண்டும் என்று மடிமேல் விரித்து வைத்திருந்தாள். இவன் தன்னுடையதைத் துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். துண்டு அந்த இடத்தில் உரசியதும் சுரீர் என்றது. தொட்டால் இன்னும் இப்படித்தான், கரண்டு அடித்த மாதிரி முழங்கை வரைக்கும் ஏறும். ஆறிரும், பொறுமையா இருங்க என்றுதான் விரலை எடுத்த டாக்டரம்மா சொன்னார். கைக்கென்றே தனியாக வைத்தியம் பார்க்கிறவர். முதல் நாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எலும்போட இருக்கு, சுத்தமா எடுத்துரலாம், கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டாப் போதும் என்றார். புறங்கையின் கறுப்பும் உள்ளங்கையின் வெளுப்பும் சேருகிற எல்லையைப் பேனாவால் தொட்டு, இதுலயே கத்தி வச்சா கோடு அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும் என்றார். ஒளிஞ்சுக்கும் என்ற ஒரு வார்த்தைக்காகவே அந்த அம்மா காலில் விழலாம் போல இருந்தது. அப்புறம்தான் வந்தது வினை. எப்பிடி மூடலாம்னு நீங்களும் சொல்லுங்க என்றார். சாதா நைலான் நூலில் தைத்தால் வந்து பிரிக்க வேண்டும். கரைகிற நூல் போட்டால் பிரிக்கிற வலி கிடையாது, ஆனால் கரைகிற வரைக்கும் சிலருக்குக் கொஞ்சம் சிவந்து கிடக்கும். பசை மாதிரி ஒன்று இருக்கிறது, ஒட்டிவிடலாம், ஆனா கைய மடக்கி நீட்டுற எடத்துல எனக்கு அதுல நம்பிக்கை இல்ல என்றார். எதுல சார் தழும்பு தெரியாது என்று கேட்டான். பொம்பளை டாக்டரைப் பதட்டத்தில் சார் என்றுவிட்டான். அவர் சிரித்தார். ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா எல்லாம் ஒண்ணுதாங்க, தையல்காரி எனக்கே எது எந்த நூல்னு கண்டுபிடிக்க முடியாது என்றார். ஒரு வருஷம்! ஆவணியில் முகூர்த்தம் வைத்துக்கொண்டு இவன் கேட்கிறான், அந்த அம்மா வருஷக்கணக்கு சொல்கிறார். நைலானே போடுங்க என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று இன்றைக்குவரைக்கும் தெரியவில்லை. கரைகிற நூல் என்றால் உடம்புக்குள்ளேயே ஏதோ கிடக்கும் என்று பயம், நைலான் என்றால் உருவி எடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. அதையாவது உருவ வேண்டிய அன்றைக்கு உருவினானா? பத்திரிகை வைக்கப் போய்விட்டான். தேவதானப்பட்டியில் பெரியப்பா வீட்டுக்கு வைத்தால் சின்னமனூரில் அத்தை வீட்டுக்கும் அன்றைக்கே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்க மட்டும் ரெண்டாம் பட்சமா என்று கல்யாணத்துக்கே வரமாட்டார்கள். வெற்றிலை பாக்குத் தட்டைக் கட்டுப்போட்ட கையால் தாங்கித் தாங்கி ஊர் ஊராக அலைந்தான். கையில என்னடா என்று கேட்ட அத்தனை பேரிடமும், கடைல கண்ணாடி கிழிச்சிருச்சு என்றான். அங்கே பிறந்ததுதான் அந்தப் பொய், சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்டது. நாள் தப்பி ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். “நூல இவ்வளவு நாள் உள்ள விட்டா தோல் அதையும் சேத்து வளருமுங்க. ஏணிப்படி மாதிரி தடம் விழுந்துருச்சு பாருங்க.” பார்த்தான். கத்தி வைத்த கோடு அவர் சொன்ன மாதிரியே எல்லைக்குள் ஒளிந்துதான் இருந்தது, படிகள்தான் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நின்றன. யாரைக் குற்றம் சொல்ல? சின்னமனூர் அத்தையையா? அந்த அத்தை இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருக்கிறாள். பசை ஒட்டச் சொல்லியிருந்தால் இந்தக் கால் முளைத்திருக்காது. கரைகிற நூல் என்றால் அத்தை வீட்டுக்கும் போயிருக்கலாம், அது அதுபாட்டுக்குக் கரைந்திருக்கும். பசை, கரைகிற நூல், கரைகிற நூல், பசை. செக்கு மாடு மாதிரி அதையே சுற்றிக்கொண்டிருந்தவனை ஐயர் தொடையில் தட்டி, “மந்திரத்தத் திருப்பிச் சொல்லணும் மாப்ள” என்றார்.

தாரை வார்க்க நாகஜோதியின் அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து நரைத்துப்போன மனுஷன், காலையிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறார் போல, மூக்கு சிவந்திருந்தது. மகள் கையை எடுத்து இவன் கைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தன் கையில் தாங்கிக்கொண்டார். செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது. இதை எப்படி மறந்தான்! தாலி கட்டுவதை யோசித்தான், சோறு ஊட்டுவதை யோசித்தான், சுண்டுவிரல் கோத்து நெருப்பைச் சுற்றி வருவதை யோசித்து யோசித்துப் பல நாள் தூங்காமல் கிடந்தான், தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. அக்கா ஒத்தின பவுடர் கரைந்து விரல் ஓரமாக இறங்கித் தாம்பாளத்தில் சொட்டியது, பால் விட்ட டீ நிறத்தில். மாமனார் பார்த்துவிட்டாரா? அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, அந்தக் கண்ணுக்கு எதிரே யானை நின்றாலும் தெரியாது. “எம் பொண்ணு எதையும் வாய்விட்டுக் கேக்க மாட்டா மாப்ள, நீங்களாப் பாத்து நடந்துக்கங்க” என்றார். சரி மாமா என்றான். இந்த மனுஷன் கையில் நாளைக்கு ஒரு பேரப்பிள்ளையைக் கொடுப்பார்கள், அது ஆறு விரலோடு பிறந்தால்? குழந்தைக்கு வரலாம், வராமலும் போகலாம், அத நா அறுத்து எடுக்க முடியாதுல்ல என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிள்ளைக்கு விரல் இருக்கும், தகப்பனுக்குத் தழும்பு இருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்க்க நாகஜோதிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? செத்துப்போன இவன் அப்பாவுக்கும் இதே கையில், இதே இடத்தில், இதே மாதிரி இருந்தது. ஆறு விரல்காரன் தொட்டதெல்லாம் துலங்கும் என்று ஊர் சொன்னது, அவர் தொட்ட ஒன்றாவது துலங்கியிருந்தால் சொல்லலாம். ஆனால் சின்ன வயசில் திருவிழாக் கூட்டத்தில் நடக்கும்போது அவன் பிடித்துக்கொண்டு போனது அந்த விரலைத்தான். அவன் கைக்கு அதுதான் அளவாக இருந்தது. கட்டோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அம்மா கட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள், அந்த இடம் தட்டையாக இருந்தது. “ஒங்கப்பன் சாடையில ஒங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதாண்டா, அதையும் வெட்டிப் போட்டுட்டு வந்துட்டியே பாவி” என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு போட்டாள், துணி எடுக்க வந்தாள், இன்றைக்குப் பட்டுச் சேலை கட்டி முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிடுகிறாள், அவன் வலது கையை மட்டும் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று ஐயர் விரலை ஆட்டினார். காதைப் பிளக்கிற சத்தத்தில் சோலைமலை எழுந்து, தாலிக்கயிற்றை அவள் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனான். அட்சதை தலையில், முதுகில், கண் இமையில் எல்லாம் வந்து விழுந்தது. முடிச்சை இறுக்கும்போது தோல் இழுபட்டது, தழும்பு பிளந்துகொள்ளப் போகிறது, ரத்தம் அவள் மஞ்சள் கயிற்றில் பட்டுவிடப் போகிறது என்று ஒரு கணம் நடுங்கிப்போனான். எந்தக் காலத்தில் ஆறின புண், அது எப்படிப் பிளக்கும்? பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா. ஒரு முடிச்சு போட்டான், இன்னொன்று போட்டான், மூன்றாவதை முருகேஸ்வரி அக்கா போட்டாள். போட்டுவிட்டு அவன் காதோரமாக, “பவுடரு பூரா போயிருச்சேடா” என்றாள். தெரியும்க்கா, வாயை மூடு. மாலை மாற்றினார்கள். ஐயர் கங்கில் நெய் விட்டார், குப்பென்று எழுந்தது. “பொண்ணும் மாப்ளையும் சுண்டுவிரலக் கோத்துக்கங்க. மூணு சுத்து. முடியிற வரைக்கும் வெரல விட்றப்படாது.” வந்துவிட்டது. மற்ற எதையும் துண்டுக்கு அடியில், தட்டுக்கு அடியில், சிரிப்புக்கு அடியில் தள்ளிவிடலாம், இது நேராக அந்த இடத்துக்கே வருகிறது. நம் ஆட்கள் எத்தனையோ விரல் இருக்க, எதற்காக இந்த விரலைப் போய்க் கோக்கச் சொன்னார்கள்? கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் நெருப்பு அணைந்துவிடுமா? கையைப் பின்னால் நீட்டினான். அவள் விரல் வந்தது, தாரைத் தண்ணீர் காயாமல் சில்லென்று இருந்தது. கோத்துக்கொண்டு, அப்படியே வழுக்கி, தழும்பின் மேல் போய் உட்கார்ந்தது. உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்றது. அவன் கையை இழுக்கவில்லை.

முதல் சுற்றில் பாதி போவதற்குள் அவள் விரல் அசைந்தது. மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. படிகளை எண்ணுகிறாளோ என்று இருந்தது. அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால் வந்தாள், அவளுக்குப் பின்னால் விளக்கோடு அக்கா. “என்ன இது?” என்றாள் நாகஜோதி. மேளச் சத்தத்தில் அவனுக்கு மட்டும் கேட்கிற குரல். “கடைல கண்ணாடி கிழிச்சிருச்சு.” நாக்கு அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. கட்டின தாலியின் ஈரம் காயவில்லை, பக்கத்தில் நெருப்பு எரிகிறது, பெண்டாட்டியிடம் பேசிய முதல் பேச்சு பொய். ஆனால் உள்ளுக்குள் என்ன வந்தது தெரியுமா? அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது. கேட்டுவிட்டாள், சொல்லியாகிவிட்டது, முடிந்தது. இனிமேல் பிள்ளை பிறந்தால் அது வேற சங்கதி, சாமி கொடுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். மனசு மாதிரி ஒரு வெட்கங்கெட்டது உலகத்தில் கிடையாது. இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. அவள் விரலைக் கொஞ்சம் தள்ளி, வலிக்கக்கூடாது என்கிற மாதிரி, நுனியில் மட்டும் கோத்துக்கொண்டாள்.

“ஆத்தாடி, கண்ணாடியிலயா அந்த வெரலு போச்சு?” என்றாள் அதே குரலில்.

சோலைமலையின் கால் நின்றுவிட்டது. நடடா என்று பின்னாலிருந்து அக்கா தள்ளினாள். நடந்தான். “எந்த வெரலு?” என்றான். கேட்டபோதே குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

“அந்தக் குட்டி வெரலு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கிப் பாத்தேன்ல. தலயக் குனிஞ்சு நிக்கிறவ வேற எதப் பாப்பா, ஒங்க மூஞ்சியவா? காப்பி எடுக்கையில கைக்குட்டை நழுவிருச்சு. அஞ்சு வெரலு டம்ளரப் புடிச்சிருக்கு, அது மட்டும் பேசாம தனியா நிக்கிது. அன்னைக்கிப் பூரா எனக்கு அதே நெனப்பு. நீங்களாச் சொல்லுவீக, சொல்லுவீகன்னுதான் நானும் கேக்காமயே இருந்தேன். ரொம்ப வலிச்சுச்சா?”

ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணாடி அறுத்ததாகவே இருந்துவிடும், அவள் ஆயுசுக்கும் பாவம் பாவம் என்று அந்த இடத்தைத் தடவிக் கொடுப்பாள். இரண்டாவது சுற்று முடிந்து மூன்றாவது ஆரம்பித்தது. புகை கண்ணில் ஏறியது. மாமனார் தூண் ஓரமாக நின்று துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா ஜோடியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே ஆமா நாக்கு நுனியில் வந்து நின்றது, ஏனோ இந்த முறை வழுக்கவில்லை.

“கண்ணாடி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போயி நாந்தான் எடுத்துரச் சொன்னேன்.”

“ஏன்?”

இதற்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நல்ல பதில் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். “ஒனக்காகத்தான்” என்றான்.

அவள் விரலைத் தளர்த்தவும் இல்லை, இறுக்கவும் இல்லை. சுற்றின் கடைசி மூலையில் திரும்பும்போது, காலையிலிருந்து குனிந்தே இருந்த தலையை நிமிர்த்தி முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர், புகையினால் வந்ததா என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

“எனக்காகன்னா, என்னய ஒரு வார்த்த கேட்டீகளா?”

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். “ஆத்தீ, மூணு சுத்து முடியல, அதுக்குள்ள கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டாடா” என்று முருகேஸ்வரி அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நாகஜோதி சிரிக்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேக்கல” என்றான் சோலைமலை. போதும் மாப்ள, வெரல விட்றலாம் என்று ஐயர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.